‘சம்சாரம் அது மின்சாரம்’: அந்த முடிவு சரிதானா?

ஜனவரி 18 (ஒரு வாசகரின் கேள்வி)

பொங்கல் விடுமுறையில் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தை மறுபடி பார்த்தேன். படம் முழுக்கக் கூட்டுக் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பிரிந்தவர்களை ஒவ்வொருவராகச் சேர்த்து வைக்கிறார்கள். எல்லாரும் ஒன்றுசேர்ந்து நிற்கும் நேரத்தில் மூத்த மருமகள் உமா, நாங்கள் தனியாகப் போகிறோம் என்கிறாள். பிரிப்பதற்கா இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்தார்கள்? கட்டி முடித்த வீட்டைத் தானே இடித்த மாதிரி இருக்கிறது. மறுக்கிறவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஜனவரி 18, இரவு

நான் மறுக்கிறேன். அந்த முடிவு இல்லை என்றால் அது அந்தக் காலத்தில் வந்த பல குடும்பப் படங்களில் ஒன்றாகப் போயிருக்கும். 1986இல் இந்தப் படம் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா, அம்மா, அண்ணன், சித்தப்பா குடும்பம் என்று ஒன்பது பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். உமா பேசி முடித்ததும் தியேட்டரில் ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகுதான் கை தட்டினார்கள். அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிரிந்து போனால் பாசம் போய்விடும் என்று அதுவரை எல்லாப் படங்களும் எங்களுக்குச் சொல்லியிருந்தன. இந்தப் படம் விரிசல் விழுந்ததை ஒப்புக்கொண்டது. ஒட்டிய பாத்திரத்தில் மறுபடி கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம் என்றது. கொஞ்சம் தள்ளி இருப்போம், வந்து வந்து பார்த்துக்கொள்வோம் என்று ஒரு மருமகள் சொன்னதும், அதை மாமனார் கேட்டுக்கொண்டதும் சாதாரண விஷயமா?

ஜனவரி 19

குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏராளமாக இருக்கின்றன. விசு நாடக மேடையிலிருந்து வந்தவர். அவர் எழுதிய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தைத்தான் பாலசந்தர் 1977இல் படமாக எடுத்தார். அந்த மேடை இந்தப் படத்திலும் விலகவே இல்லை. கூடத்தில் எல்லாரும் வரிசையாக நின்று, ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்கிறார். சண்டை போடுகிற வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? எங்கள் வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவோம். யார் என்ன சொன்னார் என்பது மறுநாள்தான் விளங்கும்.

வசனம் வசனமாக நீதி வருகிறது. கேமராவுக்குப் பெரிய வேலை இல்லை. பாட்டுகளில் பாதியை எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. இவ்வளவு இருந்தும் வருடத்துக்கு ஒரு முறையாவது இதைப் பார்க்கிறேன்.

ஜனவரி 19, சற்று நேரம் கழித்து

சிதம்பரத்தை மறந்துவிட்டேன். ரகுவரன் நடித்த மூத்த மகன். மனைவி பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள், எனவே சாப்பிடுகிற வாய் ஒன்று குறைகிறது, எனவே வீட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் அந்தப் பங்கைக் கழித்துக்கொள்கிறேன் என்கிறான். விசுவே நடித்த அப்பா முதலியார் கொதித்துப் போகிறார். வீட்டின் நடுவே கோடு விழுகிறது.

சிறுவயதில் எனக்கு ரகுவரன் மேல் அவ்வளவு கோபம். அண்ணன் என்னைச் சீண்ட வேண்டும் என்றால் அவரைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு கணக்குச் சொல்வான். நான் அழுதுவிடுவேன். உமா பக்கத்திலேயே இருந்தும் கோடு போடுவதைத் தடுக்கவில்லையே என்று அவள் மேலும் வருத்தம் இருந்தது.

ஜனவரி 21

நண்பர் ஒருவர் மேலே திருத்தியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. கோடு போடும்போது உமா அந்த வீட்டில் இல்லை. குழந்தை பெற்றுக்கொண்டு திரும்பி வரும்போதுதான் அதைப் பார்க்கிறாள். நான்தான் முந்தைய குறிப்பிலேயே அவள் பிரசவத்துக்குப் போனதை எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் அவளைக் கூடத்தில் நிறுத்தியிருக்கிறேன். இத்தனை தடவை பார்த்தும் பதினொரு வயதில் பட்ட கோபம் காட்சியையே மாற்றி வைத்திருக்கிறது.

இது சின்னத் திருத்தமாக எனக்குப் படவில்லை. நேற்று முழுக்க வேலையில் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இருந்தவரை அந்த வீடு தாங்கியது. அவள் போன சில மாதங்களில் உடைந்தது. அப்படியென்றால் அவ்வளவு நாளும் அவள் ஒருத்தி உள்ளே நின்று எத்தனை அதிர்ச்சியை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்! கடைசியில் தனியாகப் போகிறேன் என்று அவள் சொல்வதைக் கட்டிய வீட்டை இடிப்பதாக எப்படிச் சொல்ல முடியும்? தாங்கிக்கொண்டிருந்த தூண் முதன்முறையாகத் தன் வலியைச் சொல்கிறது.

ஜனவரி 22

என் வேலை என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் ஒயர்மேன். உறையூர்ப் பக்கம் இருபத்தேழு வருடங்களாக வீட்டு வயரிங் செய்கிறேன். இந்தப் படத்தின் பெயரே என் தொழிலைச் சொல்கிறது என்பதால் ஒன்றை எழுத வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டாவது மீட்டர் வைக்க என்னைக் கூப்பிடுவார்கள். 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் சிலர் கேட்பதுண்டு. ஆனால் பெரும்பாலும் அண்ணன் தம்பி பிரிகிற வீடுதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஒருவர் மாடியிலிருந்து பேசுவார், இன்னொருவர் கீழே இருந்து பேசுவார். இரண்டு பேரும் என்னிடம்தான் பேசுவார்கள்.

அறைகளைப் பிரிப்பதில் சிக்கல் இல்லை. சண்டை வருவது இரண்டே இடத்தில். தண்ணீர் மோட்டார் யாருடைய மீட்டரில்? மாடிப்படி விளக்கு யாருடைய மீட்டரில்? மோட்டாருக்காவது பணக்கணக்கு என்று ஒரு காரணம் இருக்கிறது. மாடிப்படி விளக்கு ஒன்பது வாட்ஸ். இரவு முழுக்க எரிந்தாலும் இரண்டு மாதத்தில் ஏழு யூனிட் தாண்டாது. அதற்காகச் சொந்த அண்ணனை ஒருவர் என் எதிரிலேயே ஒருமையில் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். சிதம்பரம் பணத்தைக் கழித்தபோது முதலியார் ஏன் அவ்வளவு கொதித்தார் என்பது அன்று எனக்குப் புரிந்தது. தொகை எவ்வளவு என்பது யாருக்கும் முக்கியமில்லை. நீ எனக்குக் கணக்கில் இருக்கிறாய் என்று ஒருவன் சொல்லிவிடுவதுதான் சுடுகிறது.

ஜனவரி 22, இரவு

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. இரண்டு மீட்டர் வைக்கும்போது ஃபேஸ், அதாவது கரண்ட் வருகிற கம்பி, தனித்தனியாக இருக்க வேண்டும். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியும் தனித்தனியாக இருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு பக்கத்து நியூட்ரலை மறுபக்கத்தில் சேர்த்துவிட்டால், வெளியே போன கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் பொருந்தாமல், கசிவு என்று நினைத்துத் தானாக இணைப்பைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் மிக்சி போட்டால் இன்னொரு பக்கமும் இருட்டாகும். ஆனால் கசிகிற கரண்டை மண்ணில் இறக்குகிற எர்த் மட்டும் ஒன்றாக இருக்கலாம். இரண்டு வீட்டுக்கும் ஒரே குழிதான் தோண்டியிருப்போம்.

உமா கேட்டது இந்த வயரிங்கைத்தான். வரவு செலவு தனி, அடுப்பு தனி, ஆபத்து என்றால் இறங்குகிற மண் ஒன்று.

ஜனவரி 25

கேள்வி கேட்ட வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். “தனியாகப் போய்த்தான் பாசம் காப்பாற்றப்படும் என்றால், சேர்ந்து வாழ்கிறவர்கள் எல்லாம் பொய்யாக வாழ்கிறார்களா?” என்கிறார்.

நல்ல கேள்வி. இல்லை. படமும் அப்படிச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அது அந்த ஒரு வீட்டுக்கு, அந்தக் கோடு விழுந்த பிறகு எடுத்த முடிவு. எங்கள் தெருவிலேயே மூன்று தலைமுறை ஒரே அடுப்பில் சாப்பிடுகிற குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பசிக்கும். அவர்களிடம் போய் யாரும் உமாவின் வசனத்தைப் பேச வேண்டியதில்லை.

ஆனால் நான் முதல் குறிப்பில் அந்த முடிவை இவ்வளவு உறுதியாக ஆதரித்ததற்கு வேறு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் வாதம் செய்வது நேர்மை இல்லை.

1999இல் எங்கள் அண்ணியும் இதையே செய்தார்கள். அண்ணனும் அண்ணியும் இரண்டு குழந்தைகளும் ஒரு ஆடி மாதம் முடிந்ததும் மூன்று தெரு தள்ளி வீடு பார்த்துப் போனார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. அண்ணிதான் அண்ணனைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நம்பினேன். ஒன்பது வருடம் அந்த வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாசலில் நின்று பேசிவிட்டு வந்துவிடுவேன். அந்த ஒன்பது வருடமும் டி.வி.யில் இந்தப் படம் வந்தால் கடைசிக் காட்சிக்கு முன் எழுந்து போய்விடுவேன்.

2008 மார்ச்சில் ரகுவரன் இறந்தபோது அதே வாரம் இந்தப் படத்தை ஒளிபரப்பினார்கள். அன்று எழுந்து போகவில்லை. முழுக்கப் பார்த்தேன். மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போய்க் காபி கேட்டேன். அண்ணி ஒன்றும் கேட்காமல் சர்க்கரை குறைவாகப் போட்டுக் கொண்டுவந்தார்கள். எனக்கு எப்படி வேண்டும் என்பது அவர்களுக்கு மறக்கவில்லை.

ஜனவரி 26

நேற்றைய குறிப்புக்கு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்ல நேரம் வேண்டும். ஒருவருக்கு மட்டும் இப்போதே: ஆமாம், அண்ணி நலமாக இருக்கிறார்கள்.

பிப்ரவரி 1

படத்துக்கு வருகிறேன். தேசிய விருது பற்றிக் கேட்டவருக்கு: சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தங்கத் தாமரை, 1986ஆம் ஆண்டுக்குரியது. அந்தப் பிரிவில் முதலில் வாங்கிய தமிழ்ப் படம் இது. தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம் ஆகியவற்றிலும் எடுத்தார்கள். மருமகள் எல்லா ஊரிலும் ஒருத்திதான் போலிருக்கிறது.

மனோரமா பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்க்கிறேன். வேலைக்காரி கண்ணம்மா. முதலியாரின் சம்பந்தியாகக் கிஷ்மு நடித்த ஆல்பர்ட் பெர்னாண்டஸோடு அவர் மோதுகிற காட்சிக்கு எங்கள் சித்தப்பா நாற்காலியிலிருந்து நழுவி விழுந்து சிரித்தார். கிஷ்மு விசுவின் சொந்தத் தம்பி என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். அண்ணனும் தம்பியும் சம்பந்திகளாக நின்று முறைத்துக்கொள்வதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பைவிடவும் முக்கியம், அந்த வீட்டில் கண்ணம்மாவுக்கு இருக்கிற உரிமை. சம்பளம் வாங்குகிறவள் அந்தக் குடும்பத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறாள். ரத்த உறவான மகன் கணக்குப் பார்க்கிறான். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டு, ஒப்பிட்டுப் பாருங்கள் என்று விசு வாய் திறந்து சொல்லவில்லை. எல்லாவற்றையும் வசனமாகச் சொல்லிவிடுகிறவர் அங்கே விட்டுவிட்டாரே, அதற்காகவே அவரை வணங்கலாம்.

பிப்ரவரி 2

இன்று மறுபடி பார்த்தேன், இந்த முறை பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு.

எனக்குப் பிடிக்காததை வெளிப்படையாக எழுதுகிறேன். மகள் சரோஜினி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். இரண்டாவது மருமகள் வசந்தா கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள். வசந்தாவின் மேல் எந்தத் தவறும் இல்லை. படிப்பு ஏறாத கடைசிப் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள், குடும்பம் அவளிடம் ஒப்படைத்த வேலை அது. அதற்காகக் கணவன் சிவா கோபப்படுகிறான். புதிதாகக் கல்யாணம் ஆன இரண்டு பேருக்கு ஒரு தனி நேரம்கூட இல்லாத வீடு. இது பெரிய விஷயம் அல்லவா? படம் இதைச் சிரித்துச் சமாளித்து, உமாவின் சாமர்த்தியத்தால் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. பெண்கள் திரும்பிப் போய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கணக்கு. அவர்கள் எதனால் வந்தார்களோ அது அப்படியே அங்கே காத்திருக்காதா?

ஒரு வகையில் உமாவின் கடைசி முடிவு இதற்கும் பதில்தான். எல்லாரையும் சேர்த்து வைத்தவளுக்கே அது நீடிக்காது என்று தெரிந்திருக்கிறது. ஆனால் இப்படி நான் நிரப்பிக்கொள்கிறேனா, படமே சொல்கிறதா என்று தீர்மானிக்க முடியவில்லை. பாசம் வைத்த படத்துக்கு நாமே வக்காலத்து எழுதிக்கொடுத்துவிடுகிறோம்.

பிப்ரவரி 9

இதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. இங்கே நான் எழுதியதை அண்ணன் மகள் கைப்பேசியில் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அண்ணி கேட்டுக்கொண்டே மோர் ஊற்றினார்கள். முடித்ததும், “நீங்கள் எழுதியதில் ஒன்று தப்பு தம்பி. நான் போகிறேன் என்று சொல்லவில்லை” என்றார்கள்.

சொன்னது அம்மா.

அந்த வருடம் அண்ணிக்கும் என் பெரிய அக்காவுக்கும் நகை விஷயத்தில் மனத்தாங்கல். அண்ணன் சம்பளத்தை ஒளித்துவைப்பதாக அப்பாவுக்குச் சந்தேகம். வீட்டில் குரல்கள் உயரத் தொடங்கியிருந்தன. ஒரு மதியம் அம்மா அண்ணியைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டு, “இப்போது போய்விடு. முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விடு. பேச்சு நின்ற பிறகு போனால் திரும்பி வர வழி இருக்காது” என்றார்களாம். அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்களாம்.

“என்னிடமாவது சொல்லியிருக்கலாமே அண்ணி?” என்று கேட்டேன்.

“சொன்னால் நீங்கள் அத்தையிடம் சண்டைக்குப் போயிருப்பீர்கள். எனக்கு நீங்கள் வீட்டுக்கு வராமல் இருந்தது பரவாயில்லை. அத்தை அங்கே தனியாக உங்கள் எல்லாருடைய கோபத்தையும் வாங்கக் கூடாது” என்றார்கள்.

ஒன்பது வருடம் நான் தண்ணீர் குடிக்காத வீடு அது.

பிப்ரவரி 10

நேற்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். விடியற்காலையில் விழிப்பு வந்தபோது நினைவுக்கு வந்தது கோதாவரி.

கமலா காமேஷ் நடித்த அம்மா பாத்திரம். இத்தனை பக்கம் எழுதினேன். முதலியாரைப் பற்றி எழுதினேன், சிதம்பரத்தைப் பற்றி, உமாவைப் பற்றி, வேலைக்காரியைப் பற்றி எழுதினேன். கோதாவரியின் பெயரை ஒரு தடவைகூட எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை, மேலே போய்ப் பாருங்கள். கணவன் கோடு போடுகிறான். கோட்டுக்கு அந்தப் பக்கம் பெற்ற மகன். அந்த இரவு அவள் யாருக்குச் சோறு வைத்துவிட்டு எந்தப் பக்கம் படுத்தாள்? உமாவுக்கு அறிவும் துணிவும் வசனமும் கொடுத்த விசு, கோதாவரிக்குக் கண்ணீரைக் கொடுத்தார். கமலா காமேஷ் அந்தக் கண்ணீரை வைத்தே நம்மை உலுக்குகிறார், அது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் கோதாவரிதான் முடிவெடுத்திருக்கிறாள். யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டு, பழியை மருமகளோடு பங்கு போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் இருபத்து நான்கு வயதில் அந்த வீட்டில்தான் இருந்தேன். எனக்குக் கண் இல்லை.

எனவே முதல் கேள்விக்கு என் பதிலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். முடிவு சரி. அதை உமா ஒருத்தி மட்டும் சொல்வதுதான் குறை. மாமியாரும் மருமகளும் கொல்லைப்புறத்தில் நின்று பேசுகிற ஒரு காட்சி அந்தப் படத்தில் இருந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 12

“விசு இருந்தால் இதைப் படித்துவிட்டு உங்களோடு சண்டை போட்டிருப்பார்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போட்டிருப்பார். ‘அரட்டை அரங்கம்’ நடத்தியவர் அல்லவா, மைக்கை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் சண்டை போட்டிருப்பார். 2020 மார்ச் 22 அன்று அவர் போனார். நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊரடங்கு நாள். எத்தனையோ குடும்பங்கள் அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஒரே கூரைக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவருக்கு எழுத எவ்வளவு கிடைத்திருக்கும் என்று அப்போதே நினைத்தேன்.

பிப்ரவரி 16

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. நேற்று அண்ணன் வீட்டில் எல்லாரும் சேர்ந்து படம் போட்டோம். கொல்லைப்புறத்துப் பேச்சைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அம்மாவும் அண்ணியும் ஒரே போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

மனோரமாவுக்கு அம்மா சிரித்தாள். ரகுவரனை “பாவம், நல்ல பிள்ளை” என்றாள், நடிகரைச் சொன்னாளா சிதம்பரத்தைச் சொன்னாளா தெரியவில்லை. முதலியார் கோடு போடுகிற இடம் வந்தது. வழக்கமாக எங்கள் வீட்டில் அந்த இடத்தில் யாரும் பேச மாட்டார்கள். அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அடுப்படி எந்தப் பக்கம் போனது?” என்றாள்.

யாரும் கவனித்திருக்கவில்லை. அண்ணன் முதலியார் பக்கம் என்றான். அண்ணி, இருக்காது, நன்றாகப் பாருங்கள் என்றார்கள். அண்ணன் மகள் படத்தை நிறுத்திப் பின்னுக்கு ஓட்டினாள். நாங்கள் ஆறு பேரும் எழுந்து டி.வி. பக்கத்தில் போய் நின்றுகொண்டோம்.